ஏழாம் பக்கச் செய்தி

உலகப் பத்திரிகை வரலாற்றின் மாபெரும் திருப்புமுனை இன்று காலை சரியாகப் பத்து மணிக்கு, கல்லூரியின் இரண்டாம் மாடிக் கருத்தரங்கக் கூடத்தில் நிகழவிருந்தது. மணி பத்தே முக்கால் ஆகியும் அது மாடியேறி வந்தபாடில்லை.

இதழியல், தகவல்தொடர்பு மாணவர்களின் தொழில்முறைச் சங்கத்துக்குத் தொடக்க விழா. மொத்த உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் நிர்வாகிகள். மிச்சமிருந்த இருவரையும் ஆலோசகர்களாக்கிவிடலாமா என்பது தலைவரின் நெடுநாள் யோசனை.

அந்தத் தலைவர் இப்போது ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். நூற்றிருபது நாற்காலிகளில் எட்டில்தான் ஆள் இருந்தது. அதில் ஏழு பேர் நிர்வாகிகள். எட்டாவது ஆளாக முன்வரிசையில் தலைவரின் அப்பா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தவிப்புக்குக் காரணம் இருந்தது. சிறப்பு விருந்தினர் ஊரின் பெரிய நாளிதழுக்கு ஆசிரியர். சங்கம் யாரைச் சொல்கிறதோ அவருக்கு ஒரு வருஷப் பயிற்சி வேலை, அதை மேடையிலேயே அறிவிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சங்கம் யாரைச் சொல்லும் என்பதில் தலைவருக்குச் சந்தேகமே இல்லை. தீர்மானத்தை எழுதியதே அவர்தான். வேலை கிடைக்காவிட்டால் மாமாவின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது.

விழாச் செய்தியையும் அவர் முந்தாநாளே எழுதி முடித்துவிட்டார். ‘அரங்கம் நிரம்பி வழிந்தது’, ‘கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது’ எல்லாம் அதில் உண்டு. நடந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறவன் குமாஸ்தா என்பது அவர் கட்சி. மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரிலும் ‘முதலில் நாங்கள்’ என்றுதான் போட்டிருந்தது.

கூடத்தில் பதற்றமே இல்லாமல் இருந்த ஒரே ஜீவன் செயலாளர். நாற்காலி போட்டது, பேனர் கட்டியது, கடிதம் எழுதியது எல்லாம் அந்தப் பெண்தான். கையெழுத்து மட்டும் தலைவருடையது. இப்போது ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் எழுதின செய்தியைப் பேப்பருக்கு அனுப்பினியா இல்லையா?”

“நேத்து சாயங்காலமே அனுப்பிட்டேன் தலைவரே.”

“அப்புறம் ஏன் ஒரு ஈ காக்காவைக்கூடக் காணோம்?”

“அதான் தெரியல,” என்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். “உங்களுக்கு ஒண்ணு வேணுமா?”

“டேய்,” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். “உங்க விழாவைப் பத்தி ஏழாம் பக்கத்துல போட்டிருக்கான்டா.”

“போடுவான்பா. போடாம?”

“இல்லடா, இதுல உன் பேரு...”

“எழுதினவனே நான்பா. எனக்கே படிச்சுக் காட்டுறீங்களா? இப்படிக் குடுங்க அதை.”

பேப்பரைப் பிடுங்கி, நாலாக மடித்து, மேடையேறி, சிறப்பு விருந்தினரின் நாற்காலியை அழுத்தித் துடைத்தார் தலைவர். “விளையாட்டுப் பக்கம் இன்னும் படிக்கலடா,” என்று அப்பா கீழேயிருந்து முனகினார்.

பதினொன்றும் ஆனது. நிர்வாகிகளில் இரண்டு பேர் கழிவறைக்குப் போனவர்கள் போனவர்கள்தான். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் தலைவர் ஆசிரியருக்கே போன் போட்டார்.

“சார், வணக்கம் சார். கார் ஏதாவது அனுப்பட்டுமா சார்?”

“எதுக்குப்பா?”

“விழாவுக்கு சார். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.”

“விழாதான் நேத்தே முடிஞ்சுபோச்சே. முக்கால் மணி நேரம் பேசியிருக்கேன். கைதட்டல் அடங்க அஞ்சு நிமிஷம் ஆயிருக்கு. என் பேப்பர்லயே வந்திருக்கு.”

“சார்... நீங்க வரவே இல்லையே சார்!”

“அது எனக்கும் தெரியும். ஏழாம் பக்கத்துல இடம் காலியா இருந்துதுன்னு எவனோ எடுத்துப் போட்டுட்டான். இப்ப நான் அங்க வந்து நின்னா, நாளைக்கு மறுப்பு போடணும். இருபத்திரண்டு வருஷமா என் பேப்பர்ல மறுப்பு வந்ததில்லப்பா.”

“சார், அப்ப அந்தப் பயிற்சி வேலை?”

“அதான் அறிவிச்சுட்டேனே? பேரோட வந்திருக்கு. அச்சுல ஏறினதை நான் மாத்துறதில்ல.”

போன உயிர் அப்படியே திரும்பி வந்தது தலைவருக்கு. விழா போனால் என்ன, விருந்தினர் போனால் என்ன! “ரொம்ப நன்றி சார்! நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்து நிக்கிறேன் சார்!”

“நீ எதுக்குப்பா வரணும்?” என்றார் ஆசிரியர். போன் வைக்கப்பட்டது.

தலைவர் அந்தத் தூசிப் பேப்பரை மேஜைமேல் விரித்து, நீவி, ஏழாம் பக்கத்தைப் பார்த்தார். அத்தனையும் அவர் எழுதியதுதான். ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. கடைசிப் பத்தியில் மட்டும், ஒரே ஒரு பெயர் மாறியிருந்தது.

நிமிர்ந்தபோது செயலாளர் ஆரஞ்சுத் தோலைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“முந்தணும்னு நீங்கதானே தலைவரே எப்பவும் சொல்வீங்க? நாற்காலியை மட்டும் நீங்க அடுக்கிடுங்க. எனக்கு நாளைக்குக் காலையில வேலைல சேரணும்.”

அப்பா எழுந்து வந்து தன் பேப்பரைத் தட்டி மடித்துக்கொண்டார்.

“மாமா கடை ஒன்பது மணிக்குத் திறக்கும்டா.”