ஜீப்பு மேல வெச்சுப் போட்ட கையெழுத்து

அங்கப்பன் வாயில வெச்ச இட்லியை முழுங்கறதுக்குள்ள ஜீப்பு வாசல்ல வந்து நின்னுபோச்சு. எஸ்.ஐ. பூட்ஸைக்கூடக் கழட்டாம நேரா உள்ள வந்துட்டாரு.

"திருட்டுக் காப்பர் கம்பி இங்க இருக்குன்னு தகவல். வீட்டைச் சோதனை போடணும்."

"திருட்டுக் கம்பிங்களா? ஏனுங்க, இருவது வருசமா மோட்டாருக்குக் காயில் கட்டறேனுங்க. பில்லு இல்லாம ஒரு சுருள் வாங்கினதில்லீங்க. அதெல்லாம் கெடக்கட்டும், வாரண்ட் எங்கீங்க?"

வாரண்ட்! அந்த வார்த்தையைச் சொன்னதும் அவருக்கே நெஞ்சு நிமிந்துபோச்சு.

எஸ்.ஐ. சிரிச்சாரு. "நான் கோர்ட்டுக்குப் போயி வாங்கிட்டு வர்றதுக்குள்ள நீ கம்பியை உருக்கிட்டா? அவசரம்னா ஸ்டேஷன் பொறுப்புல இருக்கறவன் காரணத்தை எழுதி வெச்சுட்டு, வாரண்ட் இல்லாமலே சோதனை போடலாம்யா. அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சாட்சி இருந்தாப் போதும்."

உள்ள அவரு சம்சாரம் நஞ்சம்மாள் அழுக ஆரம்பிச்சுட்டா. "வர்ற வெள்ளிக்கெழமை எங்க பொண்ணு மோகனப்பிரியாளுக்கு நிச்சயமுங்க சாமி. காங்கேயத்துச் சம்பந்தி காதுக்குப் போச்சுன்னா அத்தோட முடிஞ்சுதுங்க!"

அங்கப்பனுக்கும் அதே பயந்தான். ஊட்டுல திருட்டுக் கம்பி இல்லை, சரி. எஸ்.ஐ. கையில ஒரு ரெக்சின் பை தொங்குதே! அதுவும் கனமாத் தொங்குதே!

மொதச் சாட்சி எதுத்த ஊட்டு சுந்தரராஜுலு. மில்லு மேனேஜரு, தெருவுக்கே பெரிய மனுசரு. வந்தாரு, வெத்துத் தாள்ல ஒரு கையெழுத்தைப் போட்டாரு, செருப்பை மாட்டுனாரு.

"ஏனுங்க, உள்ள வந்து ஒரு எட்டுப் பாக்கலீங்களா?"

"மில்லுக்கு நேரமாச்சுங்க அங்கப்பண்ணா. போலீஸ்காரங்க கேக்கறப்ப முடியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அங்கப்பனுக்குச் சுருக்குன்னு தச்சுது. ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே வார்த்தையை அவரே சொல்லியிருக்காரு.

"யோவ் கண்ணையா, இங்க வா!" எஸ்.ஐ. ரெண்டாவது சாட்சியைக் கூப்பிட்டாரு.

கண்ணையாவா!

ரெண்டு வருசத்துக்கு முந்தி, தெருக்கோடியில கண்ணையா ஊட்டுக் கட்டிலுக்கு அடியில ரெண்டு கிலோ காப்பர் கம்பி எடுத்ததா மகஜர் எழுதினாங்க. 'எங்கள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டது'ன்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டது அங்கப்பன்தான். அந்த ஊட்டுப் படியைக்கூட அவரு மிதிக்கலை. ஒரு கையில டீ கிளாஸ், இன்னொரு கையில பேனா, தாளு ஜீப்பு பானெட்டு மேல. போட்டுக் குடுத்துபோட்டு வந்துட்டாரு. கண்ணையா ஆறு மாசம் உள்ள கெடந்தான். வயர்மேன் வேலையும் போச்சு. இப்ப சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டறான்.

இன்னைக்கு அவன் கையில பேனா!

"நீ ஸ்டேஷனுக்குப் பழைய ஆளு. பேசாம இந்த எடத்துல போடு," ன்னாரு எஸ்.ஐ.

கண்ணையா தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "ஒண்ணுமே எழுதலீங்களே சார்?"

"அப்புறம் எழுதிக்கறோம்."

"எழுதுனப்பறமே போடறேனுங்க. முடியற வரைக்கும் கூடவே நிக்கறேன். மொதல்ல அந்தப் பையை ஜீப்புலயே வெச்சுபோட்டு வாங்க. உள்ள போறவங்க வெறுங்கையோட போகோணும்."

"யார்றா உனக்குச் சட்டம் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதானுங்க. ஆறு மாசம், சோறும் போட்டு!"

வாசல்ல நின்ன கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுருச்சு. எஸ்.ஐ. மூஞ்சி செவந்துபோச்சு. ஆனா பை ஜீப்புக்குத் திரும்பிப் போச்சு!

ஒரு மணி நேரம் பொரட்டுனாங்க. அரிசி மூட்டையிலிருந்து நிச்சயச் சேலை அட்டைப்பெட்டி வரைக்கும். இருந்த கம்பிக்கெல்லாம் பில்லு இருந்துச்சு. 'எதுவும் கைப்பற்றப்படவில்லை'ன்னு எழுதினதைக் கண்ணையா எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாத்து, அதுக்கப்பறம்தான் கையெழுத்துப் போட்டான்.

"ஊட்டுக்காரருக்கு ஒரு நகல் குடுத்துருங்க சார்."

ஜீப்பு போனதும் அங்கப்பன் அவன் கையைப் புடிச்சுட்டாரு. கண்ணுல தண்ணி.

"கண்ணையா, எம் புள்ளை வாழ்க்கையையே காப்பாத்திட்டீடா. நான் உனக்குச் செஞ்ச பாவத்துக்கு..."

"அதெல்லாம் உடுங்கண்ணா. நிச்சயத்துக்கு சீரியல் லைட்டு போடோணும்னா சொல்லுங்க. கை இன்னும் மறக்கலை."

வெள்ளிக்கெழமை பொழுதெறங்கற நேரம். பந்தல் போட்டு, சேர் போட்டு, தெருவே மணக்குது. கண்ணையா மொட்டை மாடியில லைட்டு கட்டிட்டு இருந்தான். காங்கேயத்து வேன் தெருமுனையில திரும்புது.

அதுக்கு முன்னால ஜீப்பு வந்து நின்னுது!

அங்கப்பன் தலைதெறிக்க ஓடுனாரு. "ஏனுங்க சார், இன்னைக்கு மட்டும் உட்ருங்க. சம்பந்தி வந்துட்டாங்க..."

"பயப்படாதய்யா. உன் வீடு இல்லை." எஸ்.ஐ. ஒரு வெத்துத் தாளை பானெட்டு மேல விரிச்சாரு. கீழ ஒரு கையெழுத்து ஏற்கனவே இருந்துச்சு. சுந்தரராஜுலு. "தெருக்கோடி வீடு. கண்ணையா. நீ ரெண்டாவது சாட்சி. சீக்கிரம் போட்டா ஜீப்பை எடுத்துருவேன்."

ஜீப்பு சீட்டு மேல அதே ரெக்சின் பை.

பின்னால வேன் ஹாரன் அடிச்சுது. மாடியிலிருந்து கண்ணையா சத்தம் போட்டான். "அண்ணா, கட்டியாச்சு! சுவிட்சைப் போட்டுப் பாருங்க!"

"இதா வாரேன் கண்ணு!"

திரும்பிக் கத்திபோட்டு, அங்கப்பன் பானெட்டு மேல குனிஞ்சு மெதுவாக் கேட்டாரு.

"எங்கீங்க போடோணும்?"