கோட்டுக்குள் ஒரு ரீல்

கடைக்குள் நுழைந்ததுமே ஜட்ஜ் லூஷியன் டுப்ளான்டிக்கு வியர்த்துக் கொட்டியது. லூயிசியானா கடலோரத்து ஜூன் மாத வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் வியர்க்காது?

"என்ன ஜட்ஜய்யா, இந்த வேக்காட்டுல கோட்டு? ரிட்டயர் ஆனதே மறந்துபோச்சா?" என்றாள் கல்லாவில் இருந்த ஒடீல்.

அந்தத் தூண்டில் சாமான் கடை அவளுடையது. ஊரின் வாயும் அவளுடையதுதான். காலையில் அவள் காதில் விழுந்தது மதியத்துக்குள் சர்ச் வாசல்வரை போய்விடும்.

"லேசா ஜலதோஷம்" என்றார் ஜட்ஜ்.

கதவுக்கு மேலே ஒரு காமிரா. மூலையில் ஒரு வட்டக் கண்ணாடி. இரண்டையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். 'நான் திருடலீங்கய்யா' என்று கூண்டில் நின்று சொன்ன எத்தனை பேரை அவர் நம்பாமல் உள்ளே தள்ளியிருக்கிறார்! இன்று அவரே காமிராவுக்குப் பயந்து நின்றார்.

"நரம்பு சுத்தற ரீல் ஒண்ணு பாக்கணும், ஒடீல். கரையோரத்துல போடற லேசான தூண்டிலுக்கு."

"யாரு, நீங்களா? மீன் பிடிக்கவா?"

"சும்மா பாக்கறேன்."

ஒடீல் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ஜட்ஜ் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்கே. இதைவிடச் சின்னது இல்லையா?" என்றார்.

"உள்ள இருக்கு. தேடி எடுக்கணும். கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லையா?"

"நிதானமா தேடு!"

அலமாரியைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் பின்னறைக்குள் போனாள். பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. ஜட்ஜ் காமிராவுக்கு முதுகைக் காட்டி நின்றார். கோட்டைத் திறந்தார். கை அலமாரிக்குள் போய் வந்தது. அவ்வளவுதான். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அலமாரியில் இப்போது ஒரு ரீல் கூடியிருந்தது.

நேற்று மாலை மூக்குக்கண்ணாடியைத் தேடி மனைவி வெர்னாவின் பையைத் திறந்தபோதுதான் அது அகப்பட்டது. ஒடீல் கடை விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புத்தம்புது ரீல்.

"அழகா இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்" என்றாள் வெர்னா, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

"காசு குடுத்தியா?"

"காசு குடுத்தா அதுக்குப் பேரு வாங்கறதுல்ல?"

ஜட்ஜுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பணத்தைக் கட்டிவிடலாம். ஆனால் ஒடீலிடம் என்னவென்று சொல்லிக் கட்டுவது? ஜட்ஜ் பெண்டாட்டி திருடி என்று ஊரே சிரிக்காதா? அதற்குமேல் இன்னொரு எரிச்சல். திருடியதுதான் திருடினாள், இங்கத்திய சதுப்புத் தண்ணீருக்கு உதவாத பெரிய ஆழ்கடல் ரீலையா திருடுவாள்!

பின்னறையிலிருந்து ஒடீல் இரண்டு ரீல்களோடு வந்தாள். வந்த காரியம் முடிந்தது. ஆனால் உடனே கிளம்பினால் சந்தேகம் வருமே. ஒன்றைக் கையில் எடுத்து நரம்பை இழுத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இது ஆகாது, ஒடீல். முதல் இழுப்புலயே ஒரு வெட்டு வெட்டுது பார். பெரிய ரெட்ஃபிஷ் ஓடினா அங்கேயே அறுத்துக்கிட்டுப் போயிடும்."

"அடேங்கப்பா! அதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா?"

அவர் அதை வைத்துவிட்டார். அடுத்ததை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும், மூவாயிரம் நம்பர் அளவு ரீல். நரம்பு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. கைப்பிடியைச் சுற்றினார். சத்தமே இல்லை. மறுபடி சுற்றினார். எப்போதும் அவரோடு படகில் மீன் பிடிக்க வரும் நண்பன் அல்சீட் போன குளிர்காலத்தில் இறந்ததும், இருந்த தூண்டில்களையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். வெர்னா கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மிரட்டியும் எழுந்திருக்கவில்லை.

"அல்சீட் பாத்தா, 'பொம்மையாடா இது'ன்னு சிரிப்பான்" என்றார் மெதுவாக.

"சிரிச்சுட்டு, ஒரு தடவை வீசிட்டுத் தரேன்னு வாங்கிட்டு, சாயங்காலம்வரைக்கும் திருப்பித் தரமாட்டாரு."

ஜட்ஜ் சிரித்துவிட்டார். சிரித்த சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

"இதையே குடு. ஒரு தூண்டில் கம்பும் பாத்து எடு. அப்புறம்... தூண்டில்ல மாட்ட உயிர் இறால் இருக்கா?"

"துள்ளுது. எவ்வளவு வேணும்?"

வாளியும் கம்புமாக அவர் வெளியே போனார். வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் கழிமுகத்துப் பக்கம் திரும்புவதை ஒடீல் கதவருகே நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து போனை எடுத்தாள்.

"வெர்னா, நீ சொன்ன மாதிரியே உன் வீட்டுக்காரர் வந்து ரீலை வச்சுட்டுப் போயிட்டாரு. தேடற மாதிரி பெட்டியை உருட்டி உருட்டி எனக்குக் கையே வலிக்குது."

மறுமுனையில் வெர்னா மூக்கை உறிஞ்சினாள்.

"நிஜமாவே தண்ணிப் பக்கமா போனாரு?"

"நிஜமா. விசில் அடிச்சுக்கிட்டே போனாரு."

"அப்போ அடுத்த வாரம்," என்றாள் வெர்னா குரலைச் சரிசெய்துகொண்டு, "உன் வாசல்ல நிக்குதே படகு, அதைத் திருடிக்கிட்டு வந்துடறேன்."