தரைக்கடியில் சிவப்பு

வெயில் ஐம்பத்திரண்டு டிகிரியைத் தொட்ட நாளில், நிலத்தடி ஆய்வாளன் இன்பசேகர் குருவம்மாள் வீட்டு முற்றத்தில் கம்பிகளை வரிசையாக அடித்து மண்ணுக்குள் மின்சாரம் பாய்ச்சினான். மின்சாரம் தடைபட்ட இடம் திரையில் சிவப்பாகத் தெரிந்தது. பத்தடி ஆழத்தில் ஓர் அறை இருந்தது.

வெயிலுக்குப் பயந்து நிலவறை தோண்டுவது அப்போது குற்றம். கருவியே தகவலை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டது. அறையை கான்கிரீட் கொட்டி மூட, ஓட்டுநர் இல்லாத லாரி தெருமுனையில் திரும்பியது.

"கீழ யாரும்மா இருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு சார். முதுகொடிஞ்சு படுத்த படுக்கை. மேல வச்சிருந்தா போன வருசமே போயிருப்பாரு."

"தூக்கிரலாம் வாங்க."

"ஏணியில நாம ரெண்டு பேரு எப்படித் தூக்க? நாலு ஆம்பளையாவது வேணும்."

இன்பசேகர் அலுவலகத்தை அழைத்தான். உள்ளே ஆள் இருப்பதாகப் பதிவில்லை என்று ஓர் எந்திரக் குரல் சொன்னது. லாரியின் குழாய் நீண்டு நிலவறை வாயைத் தேடியது. பணியில் இருக்கும் ஊழியர் உள்ளே இருந்தால் மட்டும் அது கொட்டாது. அவன் மணிக்கட்டில் இருந்த பட்டை, பணி நேரம் முடியும்வரை அதை லாரிக்குச் சொல்லும்.

"ஓடிப்போய் ஆள் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினான். குழாய் அவன் தலைக்கு மேலே நின்றது.

உள்ளே குளுமையாக இருந்தது. கட்டிலில் கிடந்த சீனிச்சாமி அவனையே பார்த்தார்.

"எவ்வளவு நேரம் இருப்பீக தம்பி?"

"அஞ்சு மணிக்கு என் வேலை முடிஞ்சிரும்யா."

அப்போது நாலரை. வெளியே குருவம்மாள் ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை.