நெற்றிக்கு அனுமதி இல்லை

“துடைக்க முடியாது. கதவைத் திற, தம்பி” என்றார் அய்யாக்கண்ணு.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளை அங்கி அசையவில்லை. தலை முதல் கால் வரை ஒரே துணி, முகமூடி, கண்ணை மறைக்கும் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பது ஆளா தலையணையா என்று சொல்ல அந்த முருகனாலும் முடியாது.

சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பட்டர்வொர்த் பெர்ரித் துறையில் அறிவிப்புச் செய்யும் அதே தகர டப்பாக் குரல். “உள்ள கம்ப்யூட்டர் சிப் செய்றோம். துளி தூள் விழுந்தாலும் கெட்டுப்போகும். திருநீறும் தூள்தான்.”

“தண்ணீர்மலை முருகன் கோயில் திருநீறு உனக்குத் தூளா? ஹார்பர்ல வெள்ளைக்காரத் துரை துடைன்னான், துடைக்கல. ஆபீஸ்லேர்ந்து கிடங்குக்குத் தூக்கி அடிச்சான், அப்பவும் துடைக்கல. நீ என்ன அவனைவிடப் பெரிய துரையா லா?”

பக்கத்தில் நின்ற வரவேற்பறைப் பெண் மீனாட்சி, “ஐயா, அவங்க வந்து...” என்று இழுத்தாள்.

“நீ சும்மா இரும்மா.”

நாளைக்குத் திறப்பு விழா. மந்திரி வருவதற்குள் மகள் கட்டிய தொழிற்சாலையை முதல் ஆளாகப் பார்த்துவிட வேண்டுமென்று ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் ஏறி பாயான் லெப்பாஸுக்கு வந்திருந்தார். அங்கி, கையுறை, காலுறை எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். நெற்றியில்தான் சிக்கல்.

“இங்க பெரிய தலை யாருன்னு தெரியுமா? என் மக ருக்குமணி! எழுபத்து மூணுல ஆப்பரேட்டரா சேர்ந்தா. அப்புறம் லைன் லீடர், சூப்பர்வைசர், மேனேஜர். இப்ப கம்பெனிக்கே சீஃப் எக்ஸிகியூட்டிவ். ஒரு படிகூட சறுக்கல!”

“எண்பத்தஞ்சுல ஆள் குறைப்புல வேலை போச்சே, அதை விட்டுட்டீங்க” என்றது ஒலிபெருக்கி.

அய்யாக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. அப்போதெல்லாம் ருக்குமணி தினமும் வேலைக்குப் போவதுபோல டிபன் கேரியரோடு கிளம்பி, கடலோரம் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

“எங்க வீட்டு விஷயத்தை உனக்கு யாருடா சொன்னது?”

மீனாட்சிக்கு அந்த நேரம் பார்த்துப் பலமாக இருமல் வந்தது.

“யார் சொன்னா என்ன? மந்திரி பூசிக்கிட்டு வந்தாலும் துடைச்சாத்தான் உள்ள. துடைச்சுட்டுப் பாருங்க, வெளிய வந்து மறுபடியும் பூசிக்குங்க.”

“முடியாது லா!” அய்யாக்கண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “இப்பவே மேல போய் என் மககிட்ட சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள உன் சீட்டு கிழியுதா இல்லையா பாரு! யார்கிட்ட பிடிவாதம் காட்டுற? பிடிவாதம்னா என்னன்னு எங்க குடும்பத்துக்கிட்ட வந்து கத்துக்க!”

வெள்ளை அங்கி கதவருகே ஓர் அடி வந்தது. அதுவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டது.

“அங்கதான் கத்துக்கிட்டேன், அப்பா. துடைங்க.”