கம்பியின் காலில் உட்கார்ந்திருந்தவன்

"நான் மேல் கம்பியில வீசி ஆட ஆரம்பிச்சதும் நீ எழுந்திரிச்சிடு, தம்பி" என்றாள் போஹ்தானா.

பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் மக்னீசியப் பொடியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ என்பதைப் போல.

எழுந்திருப்பது ஒன்றுதான் நான் செய்யவே கூடாத வேலை.

செக்கோஸ்லோவாக்கிய ஜிம்னாஸ்டிக்ஸுக்கு நான் ஆற்றிவந்த தொண்டு, உட்கார்வது. ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருக்கும் பெண்களுக்கான கம்பிகள் அப்போது புதிது. ஆண்களின் இணைக் கம்பியை ஏற்றி இறக்கி ஒப்பேற்றியிருந்தார்கள். மேல் கம்பியில் யாராவது வேகமாக ஆடினால் சட்டமும் கூடவே கிளம்பிவிடும். ஆகவே அடிச்சட்டத்தின் இரண்டு முனைகளிலும் பாரத்துக்கு ஆள் உட்கார வேண்டும்.

ஒரு முனையில் இரண்டு பெண்கள். மறுமுனையில் நான் மட்டும்.

பிராக் உடற்பயிற்சிக் கல்லூரி என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு வேறு காரணம் எதையும் நான் கேள்விப்படவில்லை. பெருமை முழுவதும் என் அம்மாவின் பிளம் பழக் கொழுக்கட்டைக்கே.

"விளையாடாதீங்க அக்கா. கழுத்து போயிடும்."

"கழுத்து வேணாம். காலோ கையோ போதும்."

அவள் கண் மூன்றாம் வரிசைக்குப் போய்த் திரும்பியது. அங்கே சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் ரொட்டிக்குள் தொத்திறைச்சியை வைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர் எந்த அலுவலகத்தில் இருந்து வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

"அந்தாளு வீட்டுக்கு வந்தான். நான் உலகப் போட்டிக்கு ரோமுக்குப் போகணுமாம். கூட வர்ற பொண்ணுங்க வெளிநாட்டுக்காரங்ககிட்ட என்ன பேசுறாங்கன்னு கேட்டு வந்து சொல்லணுமாம். மாட்டேன்னா என் வீட்டுக்காரர் வாத்தியார் வேலைய விட்டுட்டுச் சுரங்கத்துக்குப் போகலாமாம்."

"சும்மா நீங்களே தவறி விழுந்துட வேண்டியதுதானே?"

"நானா?" என்று சிரித்தாள். "எவன்டா நம்புவான்?"

நியாயம்தான். தேசிய சாம்பியன் பட்டம் அவளிடம் வந்த நாளிலிருந்து வேறு வீடு பார்க்கவில்லை. அவள் விழுந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. பயிற்சியில்கூட இல்லை. போஹ்தானா தவறினாள் என்றால் அது நடிப்பு. கம்பி தவறியது என்றால் அது விபத்து.

"என்னைத்தான பிடிப்பாங்க?"

"தூங்கிட்டேன்னு சொல்லு. உன்னைப் பாத்தா நம்புவாங்க."

"அப்புறம் நீங்க ஆடவே முடியாது அக்கா."

அவள் உள்ளங்கையை ஊதினாள். பொடி என் மூக்கில் ஏறியது.

"எனக்கு ஆடி முடிஞ்சுது. அந்தப் பொண்ணுங்க இப்பத்தான் ஆரம்பிக்குதுங்க" என்றாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "அடுத்து, சகோதரி போஹ்..." சட்டென்று நின்றது. "தோழர் போஹ்தானா ஹ்லவாச்கோவா!"

பழைய உடற்பயிற்சிச் சங்கத்தில் எல்லோரும் அண்ணன், அக்கா, தங்கை. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்து சங்கத்தைக் கலைத்த பிறகு எல்லோரும் தோழர்கள். செய்தி இன்னும் அறிவிப்பாளரின் நாக்குவரை வந்து சேரவில்லை. கூட்டம் சிரித்தது. பிறகு மூன்றாம் வரிசையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

போஹ்தானா கீழ்க் கம்பியில் ஏறினாள். சுழன்றாள். கை ஊன்றித் தலைகீழாக நின்றாள். மெழுகுவர்த்தியின் சுடர்கூட அவ்வளவு அசையாமல் நிற்காது.

அங்கிருந்து மேல் கம்பி. நீண்ட வீச்சு. அடிச்சட்டம் எனக்குக் கீழே முனகியது.

அடுத்த வீச்சில் அவள் என்னைப் பார்த்தாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நானே எழ நினைத்தேன்; என் பின்புறம் மறுத்தது. நாள் முழுவதும் அது உட்கார்ந்திருப்பதைக் குறை சொல்லிவந்த ஆசிரியர்கள் யாராவது அப்போது வந்து உதவியிருக்கலாம்.

எழுந்தேன்.

எதிர்முனைப் பெண்கள் அலறினார்கள். சட்டம் குதிரையைப் போல முன்னங்காலைத் தூக்கியது. மரம் எங்கோ பிளந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு எலும்பின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். கம்பிகள் மெத்தைக்கு வெளியே குப்புறக் கிடந்தன. அவற்றைத் தாண்டி போஹ்தானா நின்றுகொண்டிருந்தாள்.

நின்றுகொண்டிருந்தாள்.

சட்டம் சாய்ந்த கணத்தில் கையை விட்டு, காற்றிலேயே உடம்பைச் சுருட்டி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறங்கினாளாம். எதிர்முனைப் பெண்கள் சொன்னார்கள். அப்படியோர் இறக்கத்தை அந்தக் கூடத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. அவளும் செய்ய நினைக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பாதங்கள் ஒட்டியிருந்தன. முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. கைகள் மேலே, முகவாய் நிமிர்ந்து. ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. நடுவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள். பயிற்சியாளர் அழுதார். என்னைத் திட்டுவதற்குக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

சாம்பல் கோட்டுக்காரர் பாதி ரொட்டியை இருக்கையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். நிஜமாகவே அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"தோழர்! நீங்க இல்லாம ரோமா? நானே கூட வந்து ரயில் ஏத்திவிடுறேன்!"

போஹ்தானா மேலே தூக்கிய கைகளை இறக்கவில்லை. குனிந்து தன் இரண்டு பாதங்களையும் பார்த்தாள்.

கூடவே வளர்ந்து, ஒரே வீட்டில் சாப்பிட்டு, கடைசியில் காட்டிக்கொடுத்துவிட்ட இரண்டு பேரைப் பார்ப்பதைப் போல.