ஐம்பத்திரண்டாவது வாரம்

ஐம்பத்தோரு வாரம் பத்திரமாகக் கிழித்துச் சேர்த்து வைத்த தொடர்கதை. பைண்டு பண்ணக் கொடுக்க ஒரே ஒரு வாரம்தான் பாக்கி. அந்தக் கடைசி வாரத்தைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள் மாமியார் கன்னியம்மா.

பதினெட்டு வருஷமாகியும் கிறிஸ்டினாவுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

"படிக்கத் தெரியாதவங்களுக்கு எல்லாக் காகிதமும் ஒண்ணுதான். விறகு பத்தினா சரி" என்று தியேட்டர் வாசலில் மறுபடியும் ஆரம்பித்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ப்ரியா. சிறுசேரி கம்பெனி கேன்டீனில் கிறிஸ்டினாவோடு பில் போடுகிறவள், கதைப் பைத்தியம். அந்தத் தொடர்கதை இப்போது படமாக வந்திருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகத் தாம்பரத்துக்கு இழுத்து வந்தவள் அவள்தான்.

"அப்போ முடிவே உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாம என்ன? நான் வேலைக்குப் போயிருந்தப்ப பக்கத்து வீட்டு யேசுதாசன் அண்ணனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தானே எரிச்சாங்க. நான் போட்ட சண்டையில அவங்களே முடிவைச் சொல்லிட்டாங்க. கப்பலுக்குப் போன புருஷன் திரும்பி வந்துடறான். வாசல்ல நின்னு, 'சோறு கீதா'ன்னு கேக்கறான். அதோட முற்றும்."

"எழுத்தாளர் 'சோறு கீதா'ன்னா எழுதினாரு?" என்று ப்ரியா சிரித்தாள்.

கிறிஸ்டினா சிரிக்கவில்லை. அவள் புருஷன் சுகுமார் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனதும் அந்தக் கதை ஆரம்பித்ததும் ஒரே மாதம். ஆறு மாதம் ஒழுங்காக போன் வந்தது. அப்புறம் நின்றது. ஏஜென்ட் கையை விரித்தான். எம்பசிக்கு எழுதிப் போட்டாள், பதில் இல்லை.

அன்றிலிருந்து இரும்புலியூர் வீட்டை அவள் மாற்றவில்லை. ஓனர் வருஷத்துக்கு வருஷம் வாடகையை ஏற்றினான், கேட்டதைக் கொடுத்தாள். சுகுமாருக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான்.

படம் நன்றாகத்தான் போனது. கல்யாணக் காட்சியில் அவளே விசில் அடிக்காத குறை. கடைசியில் கப்பல் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் போன பிறகும் கதாநாயகி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். படம் முடிந்துவிட்டது.

"பாவிப் பசங்க!" என்று கொதித்தாள் கிறிஸ்டினா. "கதையையே நாசம் பண்ணிட்டானுங்க. அவன் வரணும்டி! வந்தாத்தானே கதை!"

ப்ரியா கொஞ்சம் தயங்கினாள். "அக்கா... புக்லயும் இதே முடிவுதான். நான் படிச்சிருக்கேன்."

"போடி."

ப்ரியா செல்போனில் புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். கிறிஸ்டினா இரண்டு தரம் படித்தாள். அவன் வரவில்லை. சோறும் கேட்கவில்லை.

"அப்போ அந்தக் கெழவி என்கிட்ட புளுகியிருக்கு" என்றாள். "பண்ணின தப்பை மூடி மறைக்க வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கு. அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சிக்கினுதானே பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன்..."

ஷேர் ஆட்டோவில் வரும்போது, வீட்டுக்குப் போய்க் கேட்கவேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது.

கன்னியம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"வந்துட்டியா? நம்ம கதைதானே அது?"

"ஆமா."

"படத்துல அவன் வந்தானா?"

கிறிஸ்டினா வாயைத் திறந்தாள். கிழவியின் கை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. அவள் கேட்பது கதையில் வருகிறவனை இல்லை, பெற்ற பிள்ளையை.

"வந்துட்டான் அத்தே."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான். கொஞ்சம் நரைச்சுப் போயிருந்தான். மத்தபடி நல்லா இருந்தான்."

கன்னியம்மா அந்தத் தலைப்பாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சினிமாக்காரனுக்காச்சும் மனசு எறங்கிச்சே! பொஸ்தகத்துல அவன் வரவே இல்லடி. நீ படிச்சா ஒடஞ்சி பூடுவியேன்னுதான் அன்னிக்கு அந்தக் காகிதத்த வேணும்னே எரிச்சேன்."