எர்த் குழிக்கு ஒரு குடம்

அலுவலகத்தின் பின்புறம் உப்பும் கரியும் போட்டு மூடிய எர்த் குழிக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது துப்புரவு வேலை பார்க்கும் பாக்கியத்தின் பொறுப்பு. கம்ப்யூட்டர் கேபிளுக்குள் சுற்றியிருக்கும் வெள்ளித்தாளில் கண்ட கரண்ட்டும் ஏறும், அதெல்லாம் அந்த ஈரத்தில்தான் இறங்கும் என்று கேபிள் வேலைக்கு வரும் இன்பசேகர் சொல்லியிருந்தான். அவள் தெருவிலோ தண்ணீர் லாரியைக் கண்டே பல நாளாயிற்று. மண் குடிக்கிறதைப் பிள்ளைகள் குடிக்கட்டுமே என்று, குடத்தை மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவைத்துச் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். கோடை முழுக்க ஒன்றும் ஆகவில்லை.

இன்றும் கேபிளைத் தொடுமுன் இன்பசேகர் கேட்டான்.

"அக்கா, குழிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

"ஊத்திட்டேன் தம்பி. நீ வேலையப் பாரு."

அவன் கேபிளின் தோலைச் சீவி, வெள்ளித்தாளை விரலால் பிரித்தான். கத்தக்கூட இல்லை. மெயினை அணைத்த பிறகுதான் விரல்கள் விட்டன.

"தண்ணி கொண்டாங்க, தண்ணி!"

யாரோ ஓடிப்போய் மாடிப்படிக்கு அடியிலிருந்து நிறைகுடத்தைத் தூக்கி வந்தார்கள். "நல்லவேளை, இங்கயே இருந்துச்சு" என்று பாக்கியத்திடம் நீட்டினார்கள். அவள் அவன் தலையை மடியில் வைத்து, வாயில் ஊற்றினாள். ஒரு மடக்குகூட இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து, தரையில் ஓடி, வாசல் தாண்டி மண்ணுக்குள் போயிற்று.

"ஊத்துங்கக்கா, இன்னும் ஊத்துங்க" என்றார்கள்.